காரைப் படம்பிடிக்கப் பழகுவோருக்கு

அசையாது நிற்கும் ஒரு காரைப் படம்பிடிப்பது இலகுவான காரியம் என்றுதான் பலரும் எண்ணுகின்றார்கள். கார் கண் சிமிட்டாது. குழந்தையைப்போல ஓடித் திரியாது. மணமகளைப்போல நாணித் தலை கவிழாது. நிறுத்திய இடத்திலே நிற்கும். ஆயினும், எடுத்த படத்தைப் பார்க்கும்போது மனம் நிறைவதில்லை. நேரிலே கம்பீரமாக நின்ற கார், படத்திலே தகரப் பெட்டிபோலத் தோன்றுகின்றது. கறுப்புக் கார் சாம்பல் நிறமாகிவிடுகின்றது. பின்கதவிலே படம் எடுத்தவரின் வயிறு தெரிகின்றது. கூரையின்மீது ஒரு மின்கம்பம் முளைத்து நிற்கின்றது. உடனே கமெராவின்மீது பழியைப் போட்டுவிட்டு, அதைவிட விலைகூடிய ஒன்றை வாங்குவோரும் உளர். புதிய கமெராவிலும் அதே வயிறுதான் தெரியும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் துறையிலே இருந்தவன் என்ற வகையில், பல்லாயிரம் புகைப்படங்களைப் பார்த்துத் தெரிவுசெய்து பக்கங்களில் இட்டிருக்கிறேன். ஆனால், செய்திப் பத்திரிகையிலே கார் இடம்பெறுவது பெரும்பாலும் இரண்டு சந்தர்ப்பங்களில்தான்: ஒன்று விபத்து நேர்ந்தால், மற்றையது அதிலிருந்து அமைச்சர் ஒருவர் இறங்கினால். காரைக் காருக்காகவே பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது பிற்காலத்தில்தான். அதற்குக் காரணம் யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள்.

குடாநாட்டில் வளர்ந்தவர்களுக்கு அவற்றை அறிமுகஞ் செய்யத் தேவையில்லை. ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்று 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும் இங்கிலாந்தில் உருவாகிய கார்கள், பிறந்த நாட்டிலே அருங்காட்சியகத்துக்குப் போன பின்னரும் எங்கள் ஒழுங்கைகளில் ஓடிக்கொண்டிருந்தன. 1990இல் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டுப் பெற்றோல் கிடைக்காமற் போனபோது, இக்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. சிறிய போத்தலொன்றில் மருந்துபோலப் பாதுகாத்து வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பிப்பார்கள். சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய். பின்னால் வெண்புகை. பிரசவத்துக்குப் போனவர்களும், மணவறைக்குப் போனவர்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் ஊரைவிட்டே போனவர்களில் ஒரு பகுதியினரும் அவற்றில்தான் போனார்கள்.

புலம்பெயர்ந்து வாழும் நண்பர்கள் சிலர் அவ்வப்போது என்னிடம் கேட்பதுண்டு: “எங்கட அப்பா வைச்சிருந்த மாதிரி ஒரு கார் எங்கயாவது நிண்டால் வடிவா ஒரு படம் எடுத்து அனுப்பு.” வீடும் அல்பமும் அழிந்துபோன குடும்பங்களுக்கு அத்தகைய படம் ஒரு சாதாரணப் பொருளன்று. ஆகவே, கார்களைப் படம்பிடிக்க முறையாகப் பழக வேண்டியிருந்தது. என்னோடு பணியாற்றிய படப்பிடிப்பாளர்களிடம் கேட்டும், வாசித்தும், எடுத்து எடுத்துப் பார்த்தும் அறிந்துகொண்டவற்றை, பழகத் தொடங்கும் வாசகர்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறேன். உங்கள் கார் புத்தம்புதியதாக இருந்தாலும் இவை பொருந்தும்.

கார் ஒரு கண்ணாடி

முதலிலும் முடிவிலும் மனதில் இருத்த வேண்டியது ஒன்றே. மினுக்கிய காரின் உடல் ஒரு வளைந்த கண்ணாடி. காரைப் படம்பிடிப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, உண்மையிலே அதன்மீது விழுந்திருக்கும் வானத்தையும், நிலத்தையும், எதிர்வீட்டு மதிலையும், எங்களையுமே படம்பிடிக்கின்றோம். மனித முகத்தைப் படம்பிடிப்பவர் முகத்தின்மீது விழும் ஒளியைக் கவனித்தால் போதும். காரைப் படம்பிடிப்பவரோ, காருக்கு எதிரே என்ன இருக்கின்றது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எனவே கமெராவை எடுக்குமுன் வெறுங்கையோடு காரை ஒரு முறை சுற்றி வாருங்கள். காரைப் பாராமல், காரிலே தெரிவதைப் பாருங்கள். கதவிலே ஒரு குப்பைத்தொட்டி தெரிகின்றதா? பொனற்றின்மீது மின்கம்பிகள் கோடு கீறுகின்றனவா? மட்கார்டில் பக்கத்து வீட்டுத் தகரக் கூரை வெள்ளையாய்ப் பளிச்சிடுகின்றதா? அப்படியாயின் காரை நாலைந்து அடி நகர்த்துங்கள். அல்லது சற்றுத் திருப்பி நிறுத்துங்கள். கணினியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழிக்க வேண்டியதை, சாவியைத் திருப்பி ஒரு நிமிடத்தில் அகற்றிவிடலாம்.

கார்ப் படத்துக்கு மிகச் சிறந்த எதிர்ப்புறம் என்பது ஒன்றுமில்லாத வெளிதான். யாழ்ப்பாணத்தில் இதற்கு நான் விரும்பிச் செல்வது பண்ணைப் பாலத்து வீதி. இருபுறமும் ஆழமற்ற கடல். மேலே தடையற்ற வானம். அங்கே நிறுத்திய காரின் பக்கவாட்டில், தூரத்து அடிவானம் ஒரே நேர்கோடாக முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை ஓடும். அந்தக் கோட்டின் மேற்பகுதி வெளிச்சமாகவும் கீழ்ப்பகுதி இருளாகவும் இருப்பதனால், காரின் வளைவு நெளிவுகள் யாவும் தெளிவாகத் தெரியும். உங்கள் ஊரில் கடல் இல்லாவிடின், வெறுமையான விளையாட்டு மைதானமோ, அறுவடை முடிந்த வயலோ, விடுமுறை நாளில் பெரிய கடையொன்றின் வாகனத் தரிப்பிடமோ போதும்.

உங்களையும் மறந்துவிடாதீர்கள். வெள்ளைச் சட்டை அணிந்து கறுப்புக் காரைப் படம்பிடிக்கப் போனால், படத்தில் காரைவிட நீங்கள் பிரகாசமாக இருப்பீர்கள். கடுநிற உடை அணியுங்கள், எட்ட நில்லுங்கள்.

ஒளியும் நேரமும்

நண்பகல் வெயில் காருக்கு எதிரி. கூரையிலும் பொனற்றிலும் ஒளி கொதிக்கும், பக்கங்கள் இருண்டுபோகும், சில்லுகள் கருங்குழிகளாகத் தெரியும். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகைக்குள் அமைந்திருக்கின்றது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேலே வந்துவிடும். அந்நாட்களில் நண்பகலில் காரின் நிழல்கூடக் காருக்குக் கீழேயே ஒளிந்துகொள்ளும். அவ்வேளையில் கமெராவை உறையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதே உத்தமம்.

சூரியன் எழுந்த பின்னர் ஒரு மணி நேரமும், மறைவதற்கு முந்திய ஒரு மணி நேரமும் நல்லவை. ஒளி சாய்வாக வந்து காரின் பக்கத்தைத் தடவிச் செல்லும். அதைவிடவும் நல்லது, சூரியன் மறைந்த உடனேயே வரும் சிறு பொழுது. அப்போது வானம் முழுவதும் ஒரே மென்மையான விளக்காகிவிடும். காரின் உடலில் கூர்மையான புள்ளி எதுவும் இராது. காரின் சிறிய விளக்குகளை எரியவிட்டால் அவை வானத்தின் நீலத்தோடு ஒத்துப்போகும். ஆனால் எங்கள் பகுதியில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதனால் இந்தப் பொழுது சுமார் 20 நிமிடங்களே நீடிக்கும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்களுக்குக் கோடையில் அதைவிட அதிக நேரம் கிடைக்கும். எவ்வாறாயினும் காரை நிறுத்தும் இடம், கோணம், முக்காலி எல்லாவற்றையும் முன்கூட்டியே ஆயத்தப்படுத்தி வைத்திருக்க வேண்டும். ஒளி குறைந்த வேளையில் ஷட்டர் ஒரு வினாடிகூடத் திறந்திருக்க நேரிடும். கையிலே பிடித்து எடுத்தால் கலங்கிவிடும். முக்காலி இல்லாவிட்டால் மதிலின்மீது துணியை மடித்து வைத்து, அதன்மேல் கமெராவை வைத்து, தானியங்கியை இரண்டு வினாடிக்குச் சரிசெய்து அழுத்துங்கள்.

மப்பும் மந்தாரமுமான நாட்களை வீண் என்று எண்ண வேண்டாம். காரின் உட்புறத்தைப் படம்பிடிக்க அவையே சிறந்தவை. வெயில் நாளில் யன்னலுக்கு வெளியே வெண்மையும் உள்ளே இருளுமாகப் படம் பிளவுபடும். முகில் மூடிய நாளில் இரண்டும் சமன்படும். பின்னிருக்கையின் நடுவில் அமர்ந்து, இரண்டு முன்னிருக்கைகளுக்கிடையே கமெராவை நீட்டிச் சுக்கானையும் முன்பலகையையும் எடுத்துப் பாருங்கள்.

தூரமும் உயரமும்

பழகுவோர் படங்களில் பொதுவாகக் காணப்படும் குறை, மிக அருகே நின்று எடுப்பது. கைத்தொலைபேசியின் பிரதான வில்லை அகன்ற பார்வை கொண்டது; பழைய கணக்கில் ஏறத்தாழ 24 அல்லது 26 மி.மீ. கார் முழுவதையும் சட்டத்துக்குள் அடக்க அதைக்கொண்டு மூன்று மீற்றர் தூரத்திலேயே நின்றுவிடலாம். விளைவு? அருகே இருக்கும் முன்விளக்குப் பூசணிக்காய்போல வீங்கும். பின்பகுதி சுருங்கி ஓடிவிடும். இந்தத் திரிபுக்குக் காரணம் வில்லையன்று. நாம் நிற்கும் தூரமே. ஆகவே பின்னால் நடவுங்கள். கைத்தொலைபேசியாயின் இரண்டு மடங்கு நெருக்கத்தைத் தெரிவுசெய்யுங்கள். வில்லை மாற்றக்கூடிய முழுச்சட்டக் கமெராவாயின், 50 மி.மீ. வில்லையோடு ஏழெட்டு மீற்றரும், 85 மி.மீ. வில்லையோடு பத்துப் பன்னிரண்டு மீற்றரும் விலகி நின்று எடுங்கள். காரின் உண்மையான உருவ அமைப்பு அப்போதுதான் வரும்.

அடுத்தது உயரம். நாம் நின்றபடி, கண் மட்டத்திலிருந்து காரைக் கீழ்நோக்கிப் பார்த்து எடுக்கின்றோம். தெருவிலே போகும் எவரும் காணும் காட்சி அது. அதில் புதுமை இல்லை. ஒரு முழங்காலை ஊன்றி அமருங்கள். கமெரா முன்விளக்கின் உயரத்துக்கு வரட்டும். காருக்கு உடனே ஒரு மிடுக்கு வந்துவிடும். சாரத்தோடு போனால் இது சற்றுச் சிரமம். பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் காற்சட்டை அணிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோணமும் சில்லும்

காரை முழுமையாகக் காட்டும் கோணம், முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் ஒருசேரத் தெரியும் முக்காற்பக்கக் கோணமாகும். விளம்பரங்களிலெல்லாம் நீங்கள் காண்பது இதுவே. இதை எடுக்கும்போது முன்சில்லைச் சற்றுத் திருப்பிவிடுங்கள். ரயரின் தேய்ந்த தடம் அன்றி, சில்லின் முகம் கமெராவைப் பார்க்க வேண்டும். அதாவது நீங்கள் காரின் இடப்பக்கத்தில் நின்றால் சுக்கானை வலப்புறம் வெட்ட வேண்டும்.

யன்னல்கள் யாவும் மூடியிருக்கட்டும். அல்லது யாவும் திறந்திருக்கட்டும். ஒன்று பாதி, ஒன்று முழுமை என்றிருந்தால் பல் விழுந்த வாய்போலத் தோன்றும். முன்பலகையின்மீது கிடக்கும் கடதாசிகளையும், பின்கண்ணாடியருகே கிடக்கும் குடையையும் அகற்றுங்கள். பின்னணியைப் பாருங்கள். கூரையிலிருந்து மரமோ கம்பமோ முளைத்தால், நீங்கள் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தாலே போதும். இலங்கையில், குறிப்பாக வடக்கில், பின்னணியில் முகாமோ காவலரணோ வராமற் பார்த்துக்கொள்வது அழகு சார்ந்த விடயம் மட்டுமன்று. அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள்.

வெள்ளையும் கறுப்பும்

கமெராவின் ஒளிமானி உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறமானது என்று நம்பியே கணக்கிடுகின்றது. வெள்ளைக் காரைக் கண்டால், வெளிச்சம் கூடிவிட்டதென்று கருதிக் குறைத்துவிடும். கார் அழுக்காகத் தெரியும். கறுப்புக் காரைக் கண்டால், இருட்டென்று கருதிக் கூட்டிவிடும், கார் நரைத்துவிடும். எனவே, ஒளி ஈட்டைச் சரிசெய்யும் வசதியைப் பயன்படுத்தி, வெள்ளைக் காருக்கு ஏறத்தாழ ஒரு படி கூட்டுங்கள். கறுப்புக் காருக்கு ஒரு படி குறையுங்கள். வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் குறை என்பதைத் தலைகீழாக நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். கைத்தொலைபேசியிலும் திரையைத் தொட்டு விரலை மேலும் கீழும் நகர்த்தினால் இதையே செய்யலாம்.

கையிலே சிறிது பணம் இருந்தால், புதிய கமெராவுக்கு முன்னர் ஒரு வட்ட முனைவாக்க வடிகட்டியை வாங்குங்கள். வில்லையின் முகத்திலே பொருத்திச் சுழற்றும் கண்ணாடி அது. சுழற்றச் சுழற்ற, முன்கண்ணாடியில் படிந்திருக்கும் வானத்தின் பிரதிபலிப்பு மறைந்து உள்ளே இருப்பவர் முகம் தெரியத் தொடங்கும். வண்ணப்பூச்சின் நிறமும் ஆழப்படும். ஆனால் இரண்டு விடயங்களை அறிந்திருக்க வேண்டும். பம்பரின் குரோமியப் பூச்சுப் போன்ற வெற்று உலோகத்தின் பிரதிபலிப்பை அது நீக்காது. கண்ணாடி, வண்ணப்பூச்சு, நீர் ஆகியவற்றின் பிரதிபலிப்பையே குறைக்கும். மற்றையது, வரும் ஒளியிற் பாதிக்கு மேல் விழுங்கிவிடும் என்பதனால் மாலை மங்கிய பின்னர் அதைக் கழற்றிவிட வேண்டும். பிரதிபலிப்பை முற்றாக ஒழித்துவிடவும் கூடாது. பிரதிபலிப்பே இல்லாத கார், களிமண்ணிற் செய்ததுபோல உயிரற்றுக் கிடக்கும்.

ஓடும் கார்

ஓடும் காரை வினாடியில் ஆயிரத்திலொரு பங்கு வேகத்தில் எடுத்தால், கார் நடுவீதியில் நிறுத்தி வைத்ததுபோல இருக்கும். ஓட்டத்தைக் காட்ட வேண்டுமாயின் ஷட்டரின் வேகத்தைக் குறைத்து, கார் போகும் திசையிலே கமெராவையும் அதே வேகத்தில் திருப்ப வேண்டும். முதலில் 1/125 வினாடியில் தொடங்குங்கள். கை பழகப் பழக 1/60, 1/30 என்று இறங்குங்கள். கால்களை அகட்டி ஊன்றி, இடுப்பிலிருந்து திரும்புங்கள். அழுத்திய பின்னரும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். பின்னணி கோடுகளாக ஓட, கார் மட்டும் தெளிவாக நிற்கும். இருபது படங்களில் ஒன்று தேறினால் அன்றைய பொழுது நல்ல பொழுது. வீதியின் ஓரத்தில், பாதுகாப்பான தூரத்தில் நின்று எடுங்கள். எந்தப் படமும் ஒரு காலுக்கு ஈடாகாது.

பிரான்ஸ் நாட்டின் ஷாக் ஹென்றி லார்த்தீக் 1912-13 காலப்பகுதியில், பதின்ம வயதின் இறுதியில் இருந்தபோது, ஓட்டப்பந்தயக் கார் ஒன்றை இவ்வாறு திரும்பியபடி எடுத்தார். அக்காலக் கமெராவின் திரை ஒரு நீள் பிளவாகப் படத்தட்டின் குறுக்கே மெதுவாக நகர்ந்தது. அதனால் காரின் சில்லு முன்னோக்கிச் சாய்ந்த நீள்வட்டமாகவும், வீதியோரத்தில் நின்றவர்கள் எதிர்ப்புறம் சாய்ந்தவர்களாகவும் பதிவாகினர். சட்டத்திலிருந்து காரின் ஒரு பகுதி வெளியேறியும் விட்டது. 1963இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிப்படுத்திய பின்னரே உலகம் அவரை அறிந்தது. இன்று வேகத்தைக் காட்டும் படம் என்றால் முதலிலே நினைவுகூரப்படுவது அந்தச் சாய்ந்த சில்லுத்தான். ஆகவே, கோணலாக வந்த படங்களை அன்றிரவே அழித்துவிட வேண்டாம்.

காரை அறிந்து எடுத்தல்

நுட்பங்களை ஒரு மாதத்திற் பழகிவிடலாம். அதன் பின்னர் நல்ல படத்தையும் சாதாரணப் படத்தையும் வேறுபடுத்துவது, காரைப் பற்றி எடுப்பவருக்கு என்ன தெரியும் என்பதுதான்.

மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, விற்பனையிற் பத்து இலட்சத்தைத் தாண்டிய முதலாவது பிரித்தானியக் கார் அது. அதன் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ், உற்பத்தி தொடங்கவிருந்த கடைசி வேளையில், கார் ஒடுக்கமாகத் தெரிகின்றதென்று கருதி, மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து நான்கு அங்குலம் அகட்டினார். அந்த அகட்டலின் அடையாளமாகவே பொனற்றின் நடுவே ஒரு பட்டி முன்னும் பின்னுமாக ஓடுகின்றது. இதை அறியாதவர் அதை ஓர் அலங்காரமென்று எண்ணிக் கடந்துபோவார். அறிந்தவர், சாய்வான காலை ஒளியில் அந்தப் பட்டியின் விளிம்பு தெரியும்படி நேர்முன்னால் முழங்காலிட்டு எடுப்பார். 1956க்கு முந்தியதாயின் முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருக்கும். பழையவற்றில், திரும்பும் திசையைக் காட்டக் கதவுத் தூணிலிருந்து ஒரு சிறிய கை வெளியே நீளும். அது இன்னும் வேலை செய்தால், அதுவே தனியாக ஒரு படம்.

இலக்கத்தகட்டையும் கவனியுங்கள். எங்கள் பழைய கார்களில் ஈ.எல்., ஈ.என். போன்ற ஆங்கில எழுத்துக்கள் இருந்தன. 1950களின் பிற்பகுதியில் அவற்றின் இடத்திற்குச் சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. 1958இல் வடக்குக் கிழக்கிலே நிகழ்ந்த ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓர் எழுத்துக்காக ஒரு நாடு எவ்வளவு தூரம் போனது என்பதற்குச் சாட்சியாக அந்தத் தகடுகளில் சில இன்னும் எஞ்சியுள்ளன. பொதுவெளியில் இடும் படத்தில் உரிமையாளரின் நலன் கருதி இலக்கத்தை மறைப்பது நல்ல வழக்கம். ஆனால் மறைக்காத மூலப்படத்தை உங்களிடம் பத்திரமாக வைத்திருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள், பின்னர் பேசுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் வடமராட்சியில் ஒரு பெரியவரின் ஏ40 காரைப் படம்பிடிக்கச் சென்றிருந்தேன். எழுபதைத் தாண்டியவர், வாடகைக்கு ஓடிய காலம் முடிந்து, காரை முற்றத்து மாமரத்தின்கீழ் நிறுத்தியிருந்தார். பின்னேரம் ஐந்தரை மணி இருக்கும். காரை வெளியே தள்ளி, வெயில் பக்கவாட்டிற் படும்படி நிறுத்தினோம். அதுவரை வழுவழுப்பாகத் தெரிந்த பின்கதவில், எதிர்வேலியின் நிழற்கோடு நேராக ஓடாமல் ஐந்தாறு இடங்களில் நெளிந்தது. துளைகளைப் பசையால் நிரப்பி, உரோஞ்சி, மேலே வண்ணம் பூசியிருந்த இடங்கள் அவை.

“தம்பி, மத்தியானத்தில வந்திருந்தா உது தெரியாது. பின்னேர வெயில்தான் காட்டிக் குடுக்கும்” என்றார் பெரியவர்.

“ஐயா, வேணுமெண்டால் மற்றப் பக்கத்தால எடுக்கிறன்” என்றேன்.

“இல்லை. இந்தப் பக்கத்தாலயே எடுங்கோ. தொண்ணூற்றைஞ்சில ஷெல் விழேக்க உள்ளுக்கை நாலு பேர் இருந்தவை. கதவுக்குத்தான் காயம். அவையள் நாலு பேரும் இப்ப கனடாவில இருக்கினம்.”

அந்தக் கதவைத்தான் எடுத்தேன். படத்தில் குருதி இல்லை, இடிபாடு இல்லை. ஒரு பழைய பச்சைக் கதவும், அதிலே நெளிந்து செல்லும் வேலியின் நிழலும் மட்டுமே. விளம்பரப் படமாயின் அந்த நெளிவை மறைக்க எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதே அறிவுதான் அதைக் காட்டுவதற்கும் உதவியது. கார் ஒரு கண்ணாடி என்று மேலே எழுதியதன் முழுப்பொருளும் இதுவே. எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதை ஒளியின் சாய்வைக்கொண்டு நாமே தீர்மானிக்கின்றோம்.

இதிலே நடைமுறைப் பயன் ஒன்றும் உண்டு. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும்வரை, பழைய வாகனங்களின் விலை மலைபோல ஏறியது. விளம்பரப் படத்தைப் பார்த்தே முற்பணம் கொடுத்தவர்கள் பலர். பாவித்த காரை வாங்குவோர், அதன் பக்கவாட்டில் பிரதிபலிக்கும் நேர்கோடு ஒன்றைத் தொடர்ந்து பாருங்கள். கோடு நெளியும் இடத்திலே ஒரு பழைய காயம் இருக்கக்கூடும். விற்போர், நேர்மையான படத்தைக் கொடுங்கள்.

ஒரு பயிற்சி

படித்ததோடு விட்டுவிடாமல், வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு காரைத் தெரிவுசெய்யுங்கள். உங்களுடையதாகவோ அயலவருடையதாகவோ இருக்கலாம். கழுவித் துடையுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தி, காலை ஆறரைக்கும், நண்பகலிலும், மாலை சூரியன் மறைந்த கையோடும் ஒரே கோணத்தில் மூன்று படங்கள் எடுங்கள். மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இந்தப் பத்தி முழுவதிலும் சொன்னதைவிட அதிகமாக அவை உங்களுக்குச் சொல்லும்.

கடைசியாக ஒரு பத்திரிகைக்காரனின் வேண்டுகோள். எங்கள் தொழிலிலே குறிப்பு இல்லாத படம் அரைப் படம். எடுத்தவற்றுள் சிறந்ததைத் தாளிலே அச்சிடுங்கள், கைத்தொலைபேசிகள் தொலைந்துபோகின்றன. அதன் பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள்: காரின் வகை, உற்பத்தி ஆண்டு, யாருடையது, எந்த ஊர், எந்த நாள், அதிலே யார் யார் எங்கே போனார்கள். யாழ்ப்பாணத்துப் பழைய கார்களில் நான் அறிந்த சில, நல்ல விலைக்குத் தெற்கே சேகரிப்பாளர்களிடம் போய்விட்டன. சில, கராஜ்களின் பின்புறத்தில் துருவேறிக் கிடக்கின்றன. அவற்றை ஓட்டியவர்களும் ஒவ்வொருவராய் விடைபெறுகின்றனர். உங்கள் தெருவில் அப்படியொன்று இன்னும் நின்றால், அடுத்த மாதம் எடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நாளைக் காலையே போய்ப் படலையில் நின்று கூப்பிடுங்கள்.